வாசகர் கேள்வி பதில்: பொனேர் கரையில் காத்திருக்கும் வண்டி

கரீபியன் கடலில், வெனிசுவேலாவுக்கு வடக்கே இருக்கும் பொனேர் தீவுக்கு ஸ்கூபா முக்குளிப்புக்காகப் போகவிருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் மீனைப் பற்றியவையும் அல்ல, பவளத்தைப் பற்றியவையும் அல்ல. கரையில் நிறுத்திவிட்டு இறங்கும் வண்டியைப் பற்றியவை. ஒன்றோடொன்று தொடர்புள்ள கேள்விகளை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: நானும் என் கணவரும் ஸ்கூபா சான்றிதழ் பெற்றவர்கள். பொனேரில் ஒரு வாரம் தங்க முன்பணமும் கட்டிவிட்டோம். அங்கே போய்வந்த உறவினர் ஒருவர், “நீங்கள் தண்ணீருக்குள் இறங்கியதும் வண்டியைத் துடைத்து எடுத்துவிடுவார்கள்” என்று பயமுறுத்துகிறார். பயணத்தை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாமா?

பதில்: மாற்ற வேண்டியதில்லை. உறவினர் இல்லாததைச் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்னது பாதிதான்.

பொனேரின் மேற்குக் கரை, காற்று அதிகம் தாக்காத பக்கம். அங்கே பவளத்திட்டு கரையிலிருந்து சில நிமிட நீச்சல் தூரத்திலேயே தொடங்கிவிடுகிறது. சுமார் 10 மீட்டர் ஆழம் வரை மெல்ல இறங்கி, பிறகு சரிவாகக் கீழே போகிறது. ஆகவே படகுக்குக் காத்திருக்க வேண்டாம், நேர அட்டவணையும் வேண்டாம். ஒரு பிக்கப் வண்டியை வாடகைக்கு எடுத்து, நீருக்கடியில் மூச்சுவிடக் காற்று நிரப்பிய சிலிண்டர்களை ஏற்றிக்கொண்டு, கடலோரச் சாலையில் மஞ்சள் வண்ணம் பூசி இடத்தின் பெயர் எழுதிய கல்லைக் கண்ட இடத்தில் நிறுத்தி இறங்கிவிடலாம். தீவிலும் அதன் அருகிலுள்ள ஆளில்லாத குட்டித்தீவான கிளைன் பொனேரிலும் பெயரிட்ட முக்குளிப்பு இடங்கள் 80-க்கும் மேல் உள்ளன; அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை கரையிலிருந்தே இறங்கக்கூடியவை.

இந்த வசதிதான் திருடனுக்கும் வசதி. மஞ்சள் கல் உங்களுக்கு வழி காட்டுவதைப் போலவே அவனுக்கும் காட்டுகிறது. பின்புறம் சிலிண்டர் அடுக்கிய வெள்ளை வண்டி சாலையோரம் நிற்கிறது, அருகில் மனித நடமாட்டம் இல்லை, கடல் பரப்பில் காற்றுக்குமிழிகள் மட்டும் தெரிகின்றன என்றால், அந்த வண்டிக்காரர் குறைந்தது முக்கால் மணி நேரத்துக்குத் திரும்ப மாட்டார் என்பதை யாரும் கணக்குப் போட்டுவிடலாம். உலகில் வேறெங்கும் ஒரு சுற்றுலாப் பயணி தான் எப்போது வருவேன் என்பதை இவ்வளவு துல்லியமாக அறிவித்துவிட்டுப் போவதில்லை.

இதனால்தான் அங்கே நடப்பது பெரும்பாலும் ஆளைத் தாக்காத, சந்தர்ப்பம் பார்த்து நடக்கும் சில்லறைத் திருட்டு. போவது பணப்பை, கைபேசி, கூலிங் கிளாஸ், கேமரா, நல்ல செருப்பு போன்றவை. உங்கள் உறவினர் விட்டுவிட்ட மறுபாதி இதுதான்: வண்டியை உங்களால் காவல் காக்க முடியாது, ஆனால் அதற்குள் எடுக்கத் தகுந்த ஒன்றும் இல்லாமல் பார்த்துக்கொள்ள முடியும். இந்த ஏற்பாட்டைத் தங்குமிடத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். கடற்கரைக்கு வந்த பிறகு யோசித்தால், பணப்பையை இருக்கைக்கு அடியில் தள்ளுவதைத் தவிர வேறு வழி இருக்காது.

கேள்வி: வண்டியைப் பூட்டாமல் கண்ணாடியையும் இறக்கிவிட்டுப் போகச் சொல்கிறார்களாம். கேட்கவே விசித்திரமாக இருக்கிறது. அது சரிதானா?

பதில்: கேட்க விசித்திரம்தான்; காரணம் தெரிந்தால் விசித்திரம் போய்விடும். பூட்டிய கதவு, உள்ளே ஏதோ இருக்கிறது என்று சொல்கிறது. திருடன் கண்ணாடியை உடைத்துப் பார்ப்பான். உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் உடைந்த கண்ணாடிக்கான செலவும், அதைச் சரிசெய்ய அலையும் அரை நாளும் உங்கள் கணக்கில்தான் சேரும். கண்ணாடி இறங்கியிருந்து, டேஷ்போர்டு அறையின் மூடியும் திறந்து கிடந்து, இருக்கையில் ஈரத் துண்டும் பழைய ரப்பர் செருப்பும் மட்டும் இருந்தால், எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவான்.

வாடகை நிறுவனத்தாரே வண்டியைக் கொடுக்கும்போது இந்த ஆலோசனையைச் சொல்வது அங்கே வழக்கம். ஆனாலும் வாய்ச்சொல்லோடு நிறுத்திக்கொள்ளாமல், ஒப்பந்தத்தில் திருட்டு, கண்ணாடி உடைதல் ஆகியவற்றுக்கு யார் பொறுப்பு என்று எழுதியிருக்கிறது என்பதைக் கையெழுத்திடும் முன்பே படியுங்கள். வண்டியின் பதிவுத் தாளும் ஒப்பந்தத் தாளும் எங்கே இருக்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொண்டுபோகும் பட்டியல் மிகச் சிறியது. முக்குளிப்பு உடையை அறையிலேயே அணிந்துகொண்டு கிளம்பினால் மாற்றுடைப் பையே தேவைப்படாது. குடிநீர், ஒரு துண்டு, தொலைந்தால் வருத்தப்பட வைக்காத செருப்பு, அடுத்த இறக்கத்துக்கான சிலிண்டர் ஆகியவை போதும். சிலிண்டரையும் வண்டியின் தடுப்போடு ஒரு கயிற்றால் பிணைத்து வைப்பது நல்லது. அது திருடனைத் தடுப்பதற்காக என்பதைவிட, தெற்குப் பக்கத்து மேடுபள்ளத்தில் சிலிண்டர் உருளாமல் இருப்பதற்காக. ஆனால் இரண்டாவது ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி), உபரி டைவ் கம்ப்யூட்டர் (ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் கருவி), கேமராவின் மாற்று லென்ஸ் ஆகியவற்றை “ஒருவேளை தேவைப்பட்டால்” என்று ஏற்றிக்கொள்ளாதீர்கள். நீரின் அடியில் உங்கள் உடலோடு வராத விலையுயர்ந்த பொருள் எதுவாயினும் அது அறையில், பூட்டிய பெட்டியில் இருக்கட்டும்.

கேள்வி: எல்லாம் சரி, வண்டிச் சாவியை என்ன செய்வது?

பதில்: மிகச் சிறிய கேள்விதான், ஆனால் பலருக்கு விடுமுறையில் ஒரு முழு நாளைக் கெடுப்பது இதுவே.

முதலில், சாவி எப்படிப்பட்டது என்று பாருங்கள். பொத்தானை அழுத்தித் திறக்கும் மின்னணுச் சாவி உப்புநீருக்குள் போனால் செத்துவிடும். சாதாரண உலோகச் சாவியாகவே தோன்றினாலும் அதன் பிளாஸ்டிக் தலைக்குள் சிறு சில்லு இருக்கலாம்; அந்தச் சில்லு கெட்டால் கதவு திறக்கும், என்ஜின் மட்டும் கிளம்பாது. ஆகவே வண்டியை எடுக்கும் இடத்திலேயே, “இந்தச் சாவியோடு நான் கடலில் இறங்கலாமா?” என்று வெளிப்படையாகக் கேளுங்கள். முக்குளிப்போருக்காகவே வண்டி கொடுப்பவர்களுக்கு இது தினமும் கேட்கும் கேள்வி; மின்னணுப் பகுதியைத் தனியே பிரித்துத் தருவார்கள், அல்லது நனையலாம் என்று உறுதி சொல்வார்கள். இரண்டும் இல்லையென்றால் வேறு வண்டி கேளுங்கள்.

நனையக்கூடிய சாவியை, முக்குளிக்கும்போது அணியும் மிதவைச் சட்டையின் ஜிப் வைத்த பைக்குள், அங்கேயுள்ள வளையத்தில் கொக்கியால் மாட்டுங்கள். பைக்குள் சும்மா போட்டு வைப்பது போதாது. நீருக்கடியில் விளக்கை எடுக்கும்போது சாவியும் கூடவே வெளியே வந்து, 20 மீட்டர் ஆழத்து மணலில் போய் விழுவது நடக்கிற காரியம். எந்தப் பையில் இருக்கிறது என்பது உங்களோடு இறங்கும் துணைக்கும் தெரிந்திருக்க வேண்டும். மாலையில் கருவிகளை நன்னீரில் அலசும்போது சாவியையும் கொக்கியையும் அலசுங்கள்.

டயருக்கு மேலே, கல்லுக்கு அடியில், பம்பருக்குப் பின்னால் என்று ஒளித்து வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். நீங்கள் குனிந்து நிமிர்வதைச் சாலையின் மறுபுறத்துக் கள்ளிப் புதரிலிருந்து ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால், வண்டியில் இருப்பதோடு வண்டியும் அவருடையதாகிவிடும்.

கேள்வி: கைபேசியையும் அறையில் விட்டுவிட்டால் அவசரத்துக்கு யாரை அழைப்பது? எனக்கு ரத்த அழுத்தத்துக்கான மாத்திரையும் உண்டு.

பதில்: திருட்டைப் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். “ஒன்றையும் கொண்டுபோகாதே” என்பதை அப்படியே எடுத்துக்கொண்டால், ஆளரவமற்ற கரையில், மேலே வந்த துணைக்கு மூட்டு வலியும் மரத்துப்போதலும் தொடங்கும்போது உதவிக்கு அழைக்க வழியில்லாமல் நிற்பீர்கள். கைபேசி திருடு போவது நட்டம்; தேவைப்படும் நேரத்தில் கைபேசி இல்லாதது அதைவிடப் பெரிய நட்டம்.

நான் பரிந்துரைப்பது, முக்குளிப்பு ஆழத்துக்கென்றே செய்யப்பட்ட, அழுத்தம் தாங்கும் சிறு பெட்டி. அதில் ஒரு பழைய கைபேசியை வைத்து உடம்போடு எடுத்துச் செல்லுங்கள். கடற்கரைக் கடைகளில் கழுத்தில் மாட்டிக்கொள்ள விற்கும் பிளாஸ்டிக் உறை இதற்கு உதவாது: 20 மீட்டரில் அழுத்தம் கடல்பரப்பில் இருப்பதைப் போல மூன்று மடங்காகிறது, உறைக்குள் இருக்கும் காற்று மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது, மூடியின் ஓரம் எங்காவது வழிவிடுகிறது. கைபேசியே “நீர் புகாதது” என்று விளம்பரம் செய்யப்பட்டாலும் அந்த உறுதி சில மீட்டர் ஆழத்து நன்னீருக்குத்தான்.

பெட்டியை மூடும் முன் அதன் ரப்பர் வளையத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். ஒரு தலைமுடியோ மணல் துகளோ ஒட்டியிருந்தால் போதும், உள்ளே நீர் வந்துவிடும். கைபேசி இல்லாமல் வெறும் காகிதத்தை வைத்து முதல் இறக்கத்தில் சோதிப்பது புத்திசாலித்தனம். உள்ளே காற்று இருப்பதால் பெட்டி மேலே இழுக்கும். நீரில் மூழ்குவதற்காக உடலில் கட்டிக்கொள்ளும் ஈயக் குண்டின் எடையை அதற்கேற்பச் சரிசெய்துகொள்ளுங்கள்.

கைபேசியில் பதிந்து வைக்க வேண்டிய எண்கள்: தீவின் அவசர எண் 911, உங்கள் முக்குளிப்பு மையம், காப்பீடு எடுத்திருந்தால், முக்குளிப்போருக்கு மருத்துவ உதவி தரும் அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் அவசர எண். ஆழத்திலிருந்து மேலே வரும்போது உடலில் கரைந்த வாயு குமிழிகளாவதால் வரும் அழுத்தநீக்க நோய்க்குச் சிகிச்சை தரும் உயர் அழுத்த அறை தீவிலேயே, தலைநகர் கிராலென்டைக்கில் இருக்கிறது என்பது பெரிய ஆறுதல்.

மாத்திரையைப் பொறுத்தவரை, தினமும் ஒரு வேளை எடுப்பது என்றால் அதற்குக் கடற்கரையில் வேலையில்லை. காலையில் அறையிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர் முக்குளிக்கலாமா என்பதை உங்கள் மருத்துவரிடம் பயணத்துக்கு முன்பே கேட்டு, அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள். முக்குளிப்பு மையத்தின் மருத்துவப் படிவத்தில் அதைக் கேட்பார்கள்.

கேள்வி: ஒருவர் வண்டியில் காவலிருக்க, மற்றவர் இறங்கிவிட்டு வந்து மாற்றிக்கொண்டால் என்ன?

பதில்: இருவர் மட்டும் போயிருந்தால் கூடவே கூடாது. ஒரு கூலிங் கிளாஸைக் காப்பாற்றுவதற்காக இருவரும் மாறி மாறித் துணையின்றி இறங்குவது என்ன கணக்கு? மூவரோ நால்வரோ இருந்து, ஒருவருக்கு அன்று இறங்க விருப்பமில்லை என்றால், அவர் நிழல் கிடைக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கட்டும். அது காவல் அல்ல, ஓய்வு. யாராவது வந்து வண்டியைத் துழாவினாலும் அவர் எதிர்த்து நிற்க வேண்டாம்.

கேள்வி: எந்த இடங்களில் திருட்டு அதிகம், எவை பாதுகாப்பானவை என்று பட்டியல் தர முடியுமா?

பதில்: பட்டியல் தர மாட்டேன். திருட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். போன மாதம் தொந்தரவு இருந்த இடம் இந்த மாதம் அமைதியாக இருக்கும். அன்றைய நிலவரத்தை, காலையில் சிலிண்டர் வாங்கும் இடத்தில் கேட்பதே சரி. அங்கே இருப்பவர்களுக்கு முந்தைய நாள் யாருக்கு என்ன போயிற்று என்பது வரை தெரிந்திருக்கும்.

ஆனால் இடத்தின் அமைப்பைப் பார்த்து நீங்களே ஓரளவு எடைபோடலாம். பாரி ரீஃப் போல ஒரு விடுதியின் வாசலிலேயே இருக்கும் திட்டுகளுக்கு வண்டியே தேவையில்லை. பொருள்களை மையத்தின் பூட்டும் அறையில் வைத்துவிட்டு இறங்கலாம். மீன் வளத்திலும் அது சளைத்ததல்ல. தொலைவில் இருப்பதெல்லாம் சிறந்தது என்று நினைப்பவர்கள் வாசலில் இருப்பதை விட்டுவிட்டு ஓடுகிறார்கள்.

வடக்கே ஆயிரம் படிகள் என்ற இடம் வேறு மாதிரி. படிகள் உண்மையில் நூறுகூட இல்லை. முதுகில் சிலிண்டரோடு ஏறித் திரும்பும்போதுதான் ஆயிரமாகத் தோன்றும். அங்கே வண்டி குன்றின் மேலே சாலையோரத்தில் நிற்கும், நீங்கள் கீழே இருப்பீர்கள். கடலில் இருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாலும் வண்டி கண்ணில் படாது. மறந்துபோன பொருளை எடுக்க மீண்டும் ஏறி வருவதற்கும் மனம் வராது. இத்தகைய இடத்துக்குப் போகும் நாளில் வண்டியை மிகக் கண்டிப்பாகக் காலியாக வையுங்கள். அங்கிருந்து இன்னும் வடக்கே கார்பாட்டா என்ற இடத்தை நோக்கிச் செல்லும் சாலை ஒருவழி என்பதால், அறைக்குத் திரும்பி வைத்துவிட்டு வரலாம் என்று நினைத்தாலும் தீவின் உட்பகுதி வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும்.

தெற்கே ஹில்மா ஹூக்கர் கப்பலுக்குப் பலரும் போவார்கள். கஞ்சா கடத்திய வழக்கில் பிடிபட்டு, 1984 செப்டம்பர் 12 அன்று மூழ்கிய அந்தச் சரக்குக் கப்பல் சுமார் 30 மீட்டர் ஆழத்தில் ஒருக்களித்துக் கிடக்கிறது. புகழ்பெற்ற இடம் என்பதால் பகலில் இரண்டு மூன்று வண்டிகளாவது நிற்கும், ஆள் வருவதும் போவதுமாக இருக்கும். அது ஓரளவு பாதுகாப்பு. ஆனால் அந்த ஆழத்துக்கு அதற்குரிய பயிற்சியும் சான்றிதழும் வேண்டும் என்பதைத் திருட்டுப் பேச்சில் மறந்துவிடாதீர்கள். இரவு முக்குளிப்பை விடுதிக் கரையிலேயே வைத்துக்கொள்வது நல்லது. திருட்டு ஒரு காரணம், இருட்டில் சாலையின் நடுவே வந்து நிற்கும் கழுதைகள் இன்னொரு காரணம்.

கேள்வி: கட்டணங்கள், விதிகள் என்னென்ன?

பதில்: சுருக்கமாக. பொனேர் 2010 அக்டோபர் 10 முதல் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி. 2011 முதல் அமெரிக்க டாலரே அங்கே செலாவணி. வெளியூர்ப் பயணிகளுக்கு நுழைவு வரி 75 டாலர். கடலில் இறங்குவோர் தீவின் இயற்கைப் பூங்காக்களை நிர்வகிக்கும் ஸ்டினாப்பா என்ற அமைப்புக்கு இயற்கைக் கட்டணமாக 40 டாலர் செலுத்த வேண்டும். அது அந்த ஆண்டு முடியும் வரை செல்லும். இரண்டையும் இணையத்திலேயே கட்டிவிட்டால், வண்டியில் ரொக்கம் வைத்துக்கொண்டு சுற்றும் தேவை அந்த அளவுக்குக் குறையும். தீவைச் சுற்றிய கடல் முழுவதும், 60 மீட்டர் ஆழம் வரை, 1979 முதல் பாதுகாக்கப்பட்ட பூங்கா. முதல் இறக்கத்துக்கு முன் மையத்தில் விளக்க வகுப்பும், அதைத் தொடர்ந்து ஓர் அறிமுக இறக்கமும் கட்டாயம். கையுறை அணியக் கூடாது, பவளத்தைத் தொடக் கூடாது, எதையும் எடுத்து வரக் கூடாது.

கேள்வி: இவ்வளவு செய்தும் திருடு போய்விட்டால்?

பதில்: வண்டியில் எதையும் நகர்த்துவதற்கு முன் படம் எடுங்கள். வங்கி அட்டை போயிருந்தால் முதலில் அதை முடக்குங்கள். காவல் நிலையத்துக்குப் போவது அதற்கு அடுத்தபடி. வாடகை நிறுவனத்துக்கும் அன்றே சொல்லுங்கள். காவல் துறையில் புகார் கொடுத்து அதன் நகலை வாங்காமல் தீவை விட்டுக் கிளம்பினால் காப்பீட்டு நிறுவனம் பேசவே பேசாது. டைவ் கம்ப்யூட்டர், கேமரா ஆகியவற்றின் வரிசை எண்களை ஊரில் இருக்கும்போதே படமெடுத்து வைத்திருந்தால் புகார் எழுதும் வேலை எளிதாகும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பல பயணக் காப்பீட்டுத் திட்டங்கள், ஆளில்லாத வண்டியில் விட்டுச் சென்ற பொருளுக்கு இழப்பீடு தருவதில்லை. பூட்டாத வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். கண்ணாடியை இறக்கிவிட்டுப் போகும் முறையும் காப்பீட்டை நம்பிப் பொருளை வண்டியில் வைக்கும் முறையும் ஒன்றாகப் போகா. முதலாவதைத் தேர்ந்தெடுத்தால் அதை முழுமையாகக் கடைப்பிடியுங்கள்.

கேள்வி: கடைசி நாள் காலையில் அறையைக் காலி செய்ய வேண்டும், விமானம் மாலையில். இடைப்பட்ட நேரத்தில் தீவைச் சுற்றிப் பார்க்கலாமா?

பதில்: பார்க்கலாம், பெட்டிகளை வண்டியில் ஏற்றாமல். ஒரு வாரம் எச்சரிக்கையாக இருந்தவர்களும் கோட்டை விடுவது இந்த நாளில்தான்: கடவுச்சீட்டு, மடிக்கணினி, உலர்ந்த கருவிகள் அனைத்தும் ஒரே வண்டியில், ஒரே நேரத்தில், திறந்த பின்புறத்தில். விடுதியில் பெட்டிகளை வைக்க இடம் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். அப்படி இல்லையென்றால் அரை நாள் வாடகை கூடுதலாகக் கொடுத்தாவது அறையை வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று முக்குளிக்கவும் முடியாது. அழுத்தநீக்க நோயைத் தவிர்க்க, பல நாள் தொடர்ந்து இறங்கியவர்கள் கடைசி இறக்கத்துக்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேரம் விட வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. தெற்கே உப்பளங்களையும் பூநாரைகளையும் பார்த்துவிட்டு, 1837-ல் கட்டிய வில்லெம்ஸ்டோரன் கலங்கரை விளக்கம் வரை போய் வர இரண்டு மணி நேரம் தாராளம். வடக்கே உள்ள வாஷிங்டன் ஸ்லாக்பாய் தேசியப் பூங்காவின் மண்சாலைகளை அந்த நாளில் நம்பாதீர்கள். டயர் பஞ்சரானால் விமானம் காத்திருக்காது.